சாயங்காலமானால் ‘வீட்டுக்குப் போகணும்’ என்கிறார் மாமியார்

கேள்வி: தாம்பரத்தில் வசிக்கிறோம். என் மாமியாருக்கு 76 வயது. கும்பகோணம் பக்கம் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமனார் காலமான பிறகு எங்களோடுதான் இருக்கிறார். நான்கு வருடங்களுக்கு முன் அல்சைமர் வகை டிமென்ஷியா என்று நரம்பியல் மருத்துவர் சொன்னார். டோனெபெசில் மாத்திரை கொடுக்கிறோம். சர்க்கரையும் உண்டு, அதற்கு மெட்ஃபார்மின்.

இவ்வளவு நாளும் சமாளித்துவிட்டேன். இப்போது முடியவில்லை. சாயங்காலம் ஐந்து மணியானால் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்கிறார். “நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும்” என்கிறார். “இதுதானே அத்தை உங்க வீடு” என்றால் கோபம் வருகிறது. இரண்டு தடவை கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டார். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் நின்றவரைத் தெரிந்த ஆட்டோக்காரர் கூட்டிவந்து விட்டார். வளையலை நான் எடுத்துவிட்டேன் என்று பக்கத்து ஃபிளாட்டில் போய்ச் சொல்கிறார். குளிக்க வைப்பது தினமும் போராட்டம். கடந்த இரண்டு மூன்று வாரமாக ராத்திரியில் தூக்கமே கிடையாது; சுவர் ஓரமாக யாரோ நிற்பதாகச் சொல்லிக் கத்துகிறார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு அவில் மாத்திரை கொடுத்துப் பார்க்கிறேன், பயனில்லை.

நான் தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். மகன் பிளஸ் டூ. ஏஜென்சி மூலம் வந்த அட்டெண்டர்கள் யாரும் நிலைக்கவில்லை. அமெரிக்காவில் இருக்கும் கொழுந்தனார், “நல்ல அசிஸ்டட் லிவிங்கா பார்த்துச் சேர்த்துடுங்க அண்ணி, பணம் நான் அனுப்புறேன்” என்கிறார். என் கணவரோ, “பெத்த தாயைக் கொண்டுபோய் இல்லத்துல விடுறதா? ஊர்ல தலைகாட்ட முடியுமா?” என்கிறார். அவர் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வருவார். நான் சுயநலமாக யோசிக்கிறேனா? சேர்ப்பதென்றால் எதைப் பார்த்துச் சேர்ப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில் (முதியோர் மனநல மருத்துவர்): இல்லம் பற்றிப் பேசுமுன் ஒரு காரியம். அவில் மாத்திரையை இன்றிரவிலிருந்தே கொடுக்காதீர்கள். அல்சைமர் வந்த மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் குறைந்துபோகிறது. இருக்கிற கொஞ்சமும் சிதையாமல் பார்த்துக்கொள்ளத்தான் டோனெபெசில். அவில் மாதிரியான பழைய அலர்ஜி மாத்திரைகள் அதே பொருளை வேலை செய்யவிடாமல் தடுக்கும். வயதானவர்களுக்குக் குழப்பம் கூடும், மலச்சிக்கல் வரும், சிறுநீர் சரியாகப் போகாது. சளிக்கென்று வாங்குகிற சிரப் பலவற்றிலும் இந்த இனத்து மருந்து உண்டு. கடைக்காரரைக் குற்றம் சொல்வதற்கில்லை. தூக்கம் வரவில்லை என்று கேட்டிருப்பீர்கள், டிமென்ஷியா என்று சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அடுத்து, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் ‘கடந்த இரண்டு மூன்று வாரமாக’ என்பது. அல்சைமர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இறங்குகிற நோய். சில வாரங்களில் ஒருவருக்கு இரவு பகலாகி, சுவரில் ஆள் தெரிய ஆரம்பித்தால், பழைய நோயின் மேல் புதிதாக ஏதோ ஏறியிருக்கிறது. டெலிரியம் என்போம். இந்த வயதுப் பெண்களுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது சிறுநீர்த் தொற்று. காய்ச்சல் இருக்காது, எரிச்சல் என்று சொல்லத் தெரியாது. குழப்பம் மட்டும்தான் அடையாளமாக வரும். ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம். சர்க்கரை ஏறியோ இறங்கியோ இருக்கலாம். பல நாள் மலச்சிக்கல்கூடப் போதும். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையும், அதையும் பாருங்கள், தைராய்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே போன இரண்டு தடவையில் எங்காவது விழுந்து தலையில் அடிபட்டதா என்று யோசித்துப் பாருங்கள். லேசான அடிதான் என்று விட்டது, மூளையைச் சுற்றி மெல்ல ரத்தம் கசிந்து சில வாரம் கழித்துக் காட்டும். அதற்கு சி.டி. ஸ்கேன் வேண்டும்.

இந்த வாரமே அழைத்துப் போங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. 200 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவமனை. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலிலேயே போகலாம். காரணம் அகப்பட்டுச் சரியானால் ராத்திரிகள் பழைய நிலைக்கு வர நல்ல வாய்ப்பு உண்டு. அதற்கு முன்னால் எடுக்கிற எந்த முடிவும், இல்லத்தில் சேர்ப்பதோ கூடாதென்பதோ, அவசர முடிவு.

இனி சுயநலம் பற்றி. இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்பது 2023இல் வெளியான கணக்கு. 100 பேரில் 7 பேருக்கும் மேல். அவர்களில் பெரும்பாலானவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பது மனைவி, மகள், மருமகள் ஆகிய மூவரில் ஒருவர். இல்லம் வேண்டாம் என்று முடிவு சொல்பவர் வேறொருவர். என் அறையில் தினமும் பார்க்கிற காட்சி இது. எத்தனை பேர் பெயரை மறந்தார் என்பதை வைத்து நான் ‘இல்லத்துக்கு நேரம் வந்துவிட்டது’ என்று சொல்வதில்லை. பார்த்துக்கொள்பவர் இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார், அவர் பிரஷர் என்ன, பொறுமை இழந்து கை ஓங்கியிருக்கிறாரா, நோயாளி தனியாகத் தெருவுக்குப் போகிறாரா, அவரைத் தூக்கி எழுப்ப ஒருவரால் முடிகிறதா: இவைதான் என் கேள்விகள். உங்கள் கதையில் இரண்டு ஏற்கெனவே ஆபத்துக் கோட்டைத் தாண்டிவிட்டன. ஆகவே, இல்லை, நீங்கள் சுயநலமாக யோசிக்கவில்லை. உங்கள் ரத்த அழுத்தத்தையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

அதுவரை அந்த ஐந்து மணியை என்ன செய்வது? அவர் போகக் கேட்கிற வீடு உங்கள் ஃபிளாட் கிடையாது, கும்பகோணத்து வீடாகவும் இல்லாமல் இருக்கலாம். அம்மா விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கும் சின்ன வயது வீடாக இருக்கும். அல்லது பள்ளிக்கூடம் விட்டுக் கிளம்ப வேண்டிய தலைமையாசிரியையின் அவசரமாக இருக்கும். ‘இதுதான் உங்க வீடு’ என்று திருத்தினால், எதிரில் நிற்பவள் பொய் சொல்லித் தன்னைத் தடுக்கிறாள் என்றுதான் அவருக்குப் படும். “போலாம் அத்தை. வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?” என்று கேளுங்கள். பேச்சு ஓடும். செருப்பைப் போட்டுவிட்டு, கைப்பையோடு அடுக்கக வளாகத்தை ஒரு சுற்று நடத்திக் கூட்டிவாருங்கள். நடந்து வந்ததும் காபி. வீட்டு விளக்குகளை இருட்டுவதற்கு முன்பே, நாலரைக்கே போட்டுவிடுங்கள். மங்கல் வெளிச்சத்தில் நிழல்கள் ஆளாகத் தெரியும். நான்கரை மணிக்கு அவருக்கு ஒரு வேலையும் வேண்டும். உங்கள் மகனின் பழைய நோட்டுகளையும் ஒரு சிவப்புப் பேனாவையும் மேஜையில் வையுங்கள். திருத்துவார். தப்பாகத் திருத்தினால் என்ன, அந்த அரை மணி நேரம் அவர் தலைமையாசிரியை.

வளையல் விஷயத்தில் சத்தியம் செய்து பயனில்லை. வைத்த இடம் நினைவில்லை என்பதே அவருக்கு நினைவில் இல்லை. பொருள் காணோம், அறையில் இருப்பது நீங்கள், ஆகவே நீங்கள்தான். “ஐயோ, காணோமா? வாங்க தேடுவோம்” என்று கூடச் சேர்ந்து தேடுங்கள். தங்கத்தைப் பீரோவில் பூட்டிவிட்டு, அதே மாதிரியில் கவரிங் வளையல் இரண்டு ஜோடி வாங்கிவையுங்கள். பக்கத்து ஃபிளாட்டில் நோயின் பெயரை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மூடி மறைத்தால் அவர்கள் கண்ணில் நீங்கள் கொடுமைக்கார மருமகள். சொல்லிவிட்டால், கேட்டைத் தாண்டும்போது நிறுத்திவைக்கிற ஆட்கள். பேருந்து நிலைய ஆட்டோக்காரருக்கும், அடுக்ககக் காவலாளிக்கும், அயர்ன் வண்டிக்காரருக்கும் அவர் போட்டோவையும் உங்கள் எண்ணையும் கொடுங்கள். குளியலை மாலைக்குத் தள்ளாதீர்கள். அவர் ஆயுளெல்லாம் எந்நேரம் குளித்தாரோ அந்நேரத்தில், வெந்நீர் தயாராக வைத்துவிட்டு, சொம்பை அவர் கையிலேயே கொடுங்கள். தலைக்கு வாரம் ஒருமுறை போதும். ஒரு நாள் குளிக்கவில்லை என்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

சேர்ப்பது என்று முடிவானால், பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். சாதாரண முதியோர் இல்லம் தன் வேலையைத் தானே செய்துகொள்பவர்களுக்கானது; உங்கள் மாமியாரை இரண்டாம் நாளே திருப்பி அழைத்துப்போகச் சொல்வார்கள். கோயம்புத்தூரில் அதிகம் வந்திருக்கும் முதியோர் குடியிருப்புகள் பலவற்றில் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில், தன்னால் இயங்க முடிகிறவரைதான் என்று ஒரு வரி இருக்கும். அசிஸ்டட் லிவிங் என்கிற இடங்களில் குளிப்பாட்ட, மருந்து கொடுக்க ஆள் உண்டு. ஆனால் வெளியே நடந்துபோய்விடுகிற, திருட்டுப்பட்டம் கட்டுகிற, ராத்திரி விழித்திருக்கிற ஒருவரைக் கையாளப் பழகியிருக்கிறார்களா என்பது வேறு விஷயம். உங்களுக்குத் தேவை டிமென்ஷியாவுக்கென்றே நடத்தப்படும் இடம், அல்லது பெரிய இல்லத்தில் அதற்கென ஒதுக்கிய தனிப் பகுதி. ‘உங்கள் அம்மாவைச் சேர்க்கவா, அப்பாவைச் சேர்க்கவா, அட்வான்ஸ் எவ்வளவு’ என்று ஆரம்பிக்கும் இடத்தை விட்டுவிடலாம். ‘என்ன வேலை பார்த்தார், என்ன சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார், எதற்குக் கோபப்படுவார்’ என்று கேட்பவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

நேரில் பார்க்க, அவர்கள் கூப்பிடுகிற காலை பதினொரு மணிக்குப் போகாதீர்கள். அப்போது எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். சாயங்காலம் ஐந்தரைக்குப் போங்கள், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே நுழைந்ததும் மூக்கு சொல்வதைக் கேளுங்கள்: மூத்திர நாற்றம் மோசம், அதை மறைக்கும் பினாயில் நெடியும் மோசம். அங்கிருக்கும் பெண்களின் தலையைப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி கிராப் வெட்டி, ஒரே மாதிரி நைட்டி போட்டிருந்தால், அந்த இடத்தில் ஊழியர்களின் வசதிப்படி எல்லாம் நடக்கிறது. ஆயுளெல்லாம் கொண்டை போட்டு, கஞ்சிப் புடவை கட்டிய ஒரு தலைமையாசிரியை அங்கே ஒரு மாதத்தில் கண்ணாடியைப் பார்த்துத் தன்னைத் தெரியாமல் விழிப்பார். நகம் வெட்டியிருக்கிறதா, மூக்குக் கண்ணாடி துடைத்திருக்கிறதா, காது மெஷின் காதில் இருக்கிறதா டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். நாற்காலியோடு சேர்த்து இடுப்பில் துப்பட்டாவோ பெட்ஷீட்டோ கட்டியிருக்கிறதா என்பதை அவசியம் பாருங்கள். இரவுச் சாப்பாடு பரிமாறும்வரை நில்லுங்கள். ஒரு ஆள் நின்றுகொண்டு நான்கு பேர் வாயில் மாற்றி மாற்றி ஸ்பூனைத் திணித்தால், சோறு நுரையீரலுக்குப் போய் நிமோனியா வர அதிக நாள் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து, விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய் கொடுக்க வேண்டும்.

அப்புறம் மேலாளரிடம் கேட்க வேண்டியவை. ராத்திரி இரண்டு மணிக்கு இந்த மாடியில் விழித்திருப்பவர் எத்தனை பேர்? கடைசியாக இங்கே விழுந்தவர் எப்போது விழுந்தார், என்ன செய்தீர்கள்? ‘எங்கள் இடத்தில் யாரும் விழுவதே கிடையாது’ என்று பதில் வந்தால் ஒன்று பொய், இல்லை எல்லோரையும் கட்டிப்போட்டிருக்கிறார்கள். ஊழியர்களில் தமிழ் தெரிந்தவர் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்கிறார்களா? ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் பிள்ளைகள் பலர் பொறுமையிலும் பிரியத்திலும் நம்மூர்க்காரர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் ‘ஒண்ணுக்கு வருது’ என்று சொன்னால் புரிய ஒருவர் வேண்டும். மருந்து விஷயத்தில் எழுதியே வாங்குங்கள்: க்வெட்டியாபின், ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மருந்தை உங்களிடம் சொல்லாமல் ஆரம்பிக்கவோ கூட்டவோ கூடாது என்று. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகளால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. தேவைப்படும் நேரமும் உண்டு, நானும் எழுதித் தருகிறேன். குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு. ஆளில்லாத குறையை மாத்திரையால் ஈடுகட்டுவது வேறு.

நடக்க இடம் இருக்கிறதா என்பதும் பெரிய விஷயம். நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் வேஸ்ப் என்ற ஊரில் ஹோகவேய்க் என்று டிமென்ஷியா உள்ளவர்களுக்காகவே ஒரு குடியிருப்பு 2009இல் திறந்தார்கள். ஆறேழு பேர் சேர்ந்து ஒரு வீடு, வெளியே தெரு, மளிகைக் கடை, சிற்றுண்டிக் கடை. வளாகத்தை விட்டு மட்டும் வெளியே போக முடியாது. உள்ளே எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம். அவ்வளவு செலவு இங்கே யாரும் செய்யப்போவதில்லை. ஆனால் சுற்றிவர ஒரு முற்றமும், நாலு செம்பருத்திச் செடியும், பூட்டாத கதவும் அதிகச் செலவில்லாதவை. மூன்றாவது மாடியில் லிஃப்டைப் பூட்டிவைத்திருக்கும் இடத்துக்கு, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், உங்கள் மாமியாரைப் போல நடக்கிறவரை அனுப்பாதீர்கள்.

எடுத்த எடுப்பில் நிரந்தரமாகச் சேர்க்க வேண்டியதில்லை. பல இடங்களில் சில வாரங்களுக்குத் தற்காலிகமாகவும் வைத்துக்கொள்வார்கள். மகனுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு. அந்த ஒரு மாதம் முயன்று பாருங்கள். வீட்டிலேயே தொடர்வதென்றால், சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தின் டெம்கேர்ஸ் பிரிவு டிமென்ஷியா குடும்பங்களுக்கென்றே இயங்குகிறது. அவர்களிடம் ஆலோசனை கேளுங்கள். டிமென்ஷியா குடும்பங்களுக்கு உதவ 1992இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்புக்கு நாடு முழுவதும் கிளைகள் உள்ளன. மத்திய அரசின் முதியோர் உதவி எண் 14567.

சேர்த்த முதல் சில வாரங்கள் அவருக்கு மோசமாகத்தான் இருக்கும். அழுவார், உங்களைத் திட்டுவார். ‘பழகட்டும், ரெண்டு வாரம் வராதீங்க’ என்று சொல்லும் இல்லங்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போங்கள், ஐந்து மணியைத் தவிர்த்து மதியம் சாப்பாட்டு நேரத்தில் போய், கூட உட்கார்ந்து சாப்பிட்டு, அவர் அடுத்த வேலையில் இருக்கும்போது விடைபெறாமல் கிளம்புங்கள். அவருடைய விபூதி டப்பா, தலையணை உறை, மாமனாரோடு எடுத்த போட்டோ, நாலு புடவை, அந்தச் சிவப்புப் பேனா எல்லாம் கூடப் போகட்டும். ஒரே பக்கத்தில் அவரைப் பற்றி எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்: ‘டீச்சர் என்று கூப்பிட்டால் பதில் சொல்வார். காபியில் சர்க்கரை கூடாது. இடது பக்கம் திரும்பிப் படுத்தால்தான் தூங்குவார்’ என்று. புதிதாக ஷிஃப்டுக்கு வரும் பெண்ணுக்கு மருத்துவ ஃபைலைவிட இதுதான் பயன்படும்.

பணம். மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். டயபர், மருந்து, பிசியோதெரபி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள், எல்லாம் தனிப் பில்லாக வரும். போன மாதம் ஒருவருக்குப் போட்ட பில்லைப் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அந்த நாட்களுக்குக் கட்டணம் உண்டா, படுக்கையில் விழுந்துவிட்டால் வைத்துக்கொள்வார்களா, அட்வான்ஸ் எப்போது திரும்பும் என்பவற்றைக் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். பழைய வருமான வரி முறையில் இருந்தால் 80டிடிபி பிரிவில் மூத்த குடிமக்களின் சிகிச்சைச் செலவுக்கு 1 லட்சம் வரை கழிவு உண்டு. டிமென்ஷியா அந்தப் பட்டியலில் இருக்கிறது, பாதிப்பு 40 சதவீதமாவது இருப்பதாக நிபுணரின் சான்று வேண்டும். ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றுக்குத் தபால்காரரே வீட்டுக்கு வருவார் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சொத்து அவர் பெயரில் இருந்தால், ‘பவர் எழுதி வாங்கிவிட்டோம்’ என்று நிம்மதியாக இருக்காதீர்கள். எழுதிக்கொடுத்தவர் புத்தித்தெளிவை இழந்தால் அந்தப் பவர் செல்லாது. பிறகு பாதுகாவலராக நியமிக்கச் சொல்லி நீதிமன்றம் போக வேண்டும். இந்த நிலையில் அவரிடம் புதிதாக எதிலும் கைநாட்டு வாங்காதீர்கள். கொழுந்தனாரே பின்னால் கேள்வி கேட்பார். இன்னொன்று, 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் தண்டிப்பது முதியவரைக் கைவிடுபவரை. 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். நல்ல இல்லத்தில் சேர்த்து, பணம் கட்டி, போய்ப் பார்த்து வருபவர் யாரையும் கைவிடவில்லை. ஊரில் கேட்டால் உங்கள் கணவர் இதைச் சொல்லலாம்.

அவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். ஐயா, பரிசோதனைகள் முடிந்து மருந்துகள் சரியான பிறகு ஒரு வாரம் லீவு போடுங்கள். மனைவியை அவர் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குளிப்பாட்ட மட்டும் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் நீங்களே பாருங்கள்: மருந்து, சாப்பாடு, ஐந்து மணி, ராத்திரி. ஏழாம் நாள் காலையில் ‘அம்மா வீட்டிலேயே இருக்கட்டும்’ என்று சொன்னீர்களானால் அந்தப் பேச்சுக்கு மதிப்பு உண்டு. அப்போது நானே உங்கள் பக்கம்.